கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி

(பொன்விழா குடும்ப நாளில் கிள்ளானைச் சேர்ந்த ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)





சங்கத்தின் 50 ஆண்டு வரலாற்றைப் பேசத் தகுதியுள்ளவர்கள் எங்களுக்கு முன்பே பேசிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு ‘நோயும் குடும்பமும்’. பெரிய தலைப்பு. அதில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மூலையை மட்டும் பேசுகிறோம். மேடையில் நிற்பது இருவர், உரையை எழுதியதும் இருவர். அதனால் ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொள்கிறோம். எந்த வரி யாருடையது என்பதில் வீட்டிலேயே இரண்டு முறை சண்டை வந்துவிட்டது.

நாங்கள் பேசப்போவது ஒரு நாற்காலியைப் பற்றி. பச்சை ரெக்சின் போட்டது. சாய்த்தால் பாதிதான் சாயும். எங்கள் மகன் படுத்திருந்த கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அது கிடந்தது. இரண்டு ஆண்டுகளில், விட்டு விட்டு, 211 இரவுகள் எங்களில் அம்மாவாக இருப்பவர் அதில் தூங்கினார். தூங்கினார் என்பது ஒரு பேச்சுக்குத்தான்.

மகனுக்கு அப்போது வயது 5. இன்று 16. இந்த மண்டபத்தில்தான் இருக்கிறான், பிரியாணி வரிசைக்குப் பக்கத்தில் எங்காவது நிற்பான். மேடையில் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று காரில் வரும்போதே எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். அல்ஹம்துலில்லாஹ், அவன் வாக்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறான்.

அவனுக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்பார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அதுதான். ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். இன்று அப்படி இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள குழந்தை மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து ‘மா-ஸ்போர் 2003’ என்று ஒரு சிகிச்சை முறையை நடத்தினார்கள். அதில் சேர்ந்த பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் பிழைத்தார்கள். உலகத்தின் பெரிய நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. நம் நாட்டு மருத்துவர்கள் செய்தது. இதை இந்த மேடையில் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் நம்மில் சிலர் அந்த நோயின் பெயரைக் கேட்டதும் துஆ ஓதி அனுப்பி வைக்கும் மனநிலையில் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பத்தில் எட்டில் ஒருவனாக இருக்க வேண்டுமானால் சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். முதல் மாதம் முழுக்க வார்டில். பிறகு வருவதும் போவதும். இடையில் இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், இரவோ பகலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக வந்து போகும் கிருமி அந்த நிலையில் பிள்ளையைச் சில மணி நேரத்தில் சாய்த்துவிடும்.

இதை எங்களுக்குத் தெளிவாகச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு புதன்கிழமை மாலை 5:30க்குக் கிள்ளானில் காய்ச்சல் 38.6. காரில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஃபெடரல் நெடுஞ்சாலை மாலை நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுபாங் வரும்போது 39.4. பின்னிருக்கையில் அவன் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. போய்ச் சேர ஒரு மணி 50 நிமிடம் ஆனது. மருத்துவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்தோம். அதைப் பிறகு சொல்கிறோம்.

வார்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு துணைதான். அது நியாயமான விதி, இடம் அவ்வளவுதான். இரவில் அம்மா உள்ளே, அத்தா வெளியே. ஜாலான் தெங்கு கிளானாவில் எங்கள் கடையைப் பூட்டிவிட்டு அத்தா வந்து சேர இரவு 10 ஆகிவிடும். பிள்ளையைப் பார்த்துவிட்டு வேனில் படுப்பார். மழை பெய்தால் சூராவில் படுப்பார், ஜாகா வந்து எழுப்பும் வரை. அந்த ஜாகாவும் பாவம். நாலாவது நாள், ‘என்சிக், நான் பார்க்காத மாதிரி அந்தத் தூணுக்குப் பின்னால் படுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து பிள்ளைக்குத் தாங்க முடியாத பசியைக் கொடுக்கும். இரவு 2 மணிக்கு எழுந்து ரொட்டி சானாய் கேட்பான். வெளியில் வைத்திருந்த உணவு எதுவும் கூடாது, அப்போதே சுட்டுச் சூடாகக் கொடுத்தால்தான் ஆகும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். அத்தா ஓடுவார். மாமாக் கடையில் கல்லில் நின்ற தம்பி, ஒருநாள் விவரம் கேட்டவர், அதற்குப் பிறகு எங்கள் தலையைக் கண்டதும் கல்லைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டித் துடைத்துவிட்டு, புது மாவு எடுத்துத் தனியாகச் சுட்டுத் தருவார். ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

அம்மாவின் சாப்பாடு, பிள்ளையின் தட்டில் மிச்சம் இருப்பதுதான். ஸ்டீராய்டு நாட்களில் அதுவும் மிஞ்சாது. கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்பீர்கள். போனால் அந்த நேரத்தில்தான் மருத்துவர்கள் சுற்றுக்கு வருவார்கள். காலையிலிருந்து காத்திருந்து, ஒரு தே தாரிக் குடிக்கப் போன 10 நிமிடத்தில் அவர்கள் வந்து போய்விட்டால், அடுத்த நாள் வரை ஒன்றும் தெரியாது. இப்படி இரண்டு முறை ஆன பிறகு எந்தத் தாயும் எழுந்து போகமாட்டாள்.

தொழுகையும் அந்த இடுக்கில்தான். மருந்து ஏற்றும் எந்திரம் ‘பீப் பீப்’ என்று கத்தினால் எழுந்துபோய்ப் பார்ப்பதா, தொழுகையை முடிப்பதா என்று அம்மாவுக்குக் குழப்பம். ஊர் இமாமிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர் சட்டம் சொல்வதற்கு முன்னால் ஒரு சம்பவத்தைச் சொன்னார். நீட்டித் தொழவைக்க எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டதும், அதன் தாயின் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக்கொண்ட சம்பவம். ‘அவுங்களே சுருக்கிக்கிட்டாங்கம்மா. நீ எதுக்குத் தவிக்கிறே?’ என்றார். அன்று இரவு அம்மா அந்த நாற்காலியில் கொஞ்சம் தூங்கினார்.

இனி, பார்க்க வந்தவர்கள். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மக்கள் அன்பில் குறை வைக்கவில்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் என்று வந்தார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, மைலோ டின். பிள்ளைக்குத் தொற்று வரும் என்பதால் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே அம்மா வெளியே வந்து, வராந்தாவில் நின்று, எப்போது தொடங்கியது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், உங்கள் பக்கம் யாருக்காவது இருந்ததா, எங்கள் பக்கம் யாருக்காவது இருந்ததா என்று முதலிலிருந்து சொல்லி முடிக்கும்போது, உள்ளே அவன் அழுதுகொண்டிருப்பான். அவர்கள் போன பிறகு அவனையும் தேற்ற வேண்டும், திராட்சையையும் யாருக்காவது கொடுக்க வேண்டும்.

சங்கத்துப் பெரியவர் ஒருவர் வேறு மாதிரி வந்தார். இன்று அவர் நம்மோடு இல்லை, அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக. செவ்வாயும் வியாழனும் காலை 9:30க்கு, ஒரு முகமூடியும் ஒரு தமிழ்ப் பத்திரிகையும் சட்டைப்பையில் ஒரு 555 நோட்டும் கொண்டு வருவார். ஒரு கேள்வி கேட்கமாட்டார். ‘நான் உக்காந்திருக்கேன்மா. நீ போய் நிதானமா குளிச்சு, சாப்பிட்டு வா. டாக்டர் வந்தா எழுதி வைக்கிறேன்’ என்பார். எழுதியும் வைப்பார். மருந்துப் பெயர்களைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுவார். அணுக்களின் எண்ணிக்கையை மளிகைக் கடைப் பாக்கி மாதிரி தேதி போட்டு வரிசையாக எழுதுவார். அந்த நோட்டு எங்களிடம் இருக்கிறது. மருத்துவரே ஒருமுறை அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் எங்களில் அம்மா அந்த முதல் மாதத்தைத் தாண்டியிருக்கமாட்டார்.

இப்போது பக்கத்துக் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்காகத்தான் மேடையேற ஒப்புக்கொண்டோம்.

அந்தக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். மூன்று வயது இருக்கும். பகாங் பக்கத்துத் தோட்டக் குடும்பம். தகப்பனுக்கு நாள் கூலி. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், ஒன்று கைக்குழந்தை. அந்தத் தாய் முதல் பத்து நாள் இருந்தார், கைக்குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு. பிறகு முடியவில்லை. ஒரு ஞாயிறு மாலை எங்களிடம் வந்து, ‘அக்கா, புள்ளய கொஞ்சம் பாத்துக்குங்க. அடுத்த ஞாயித்துக்கிழம வந்துடுறேன்’ என்று சொல்லிவிட்டு, அது தூங்கும்போது கிளம்பினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்.

அந்தக் குழந்தை இரண்டு நாள் கத்தியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக் கத்தியது. மூன்றாவது நாள் நிறுத்திவிட்டது. ஊசி போட்டாலும் அழவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டது. மிஸ்ஸிகள் எல்லோரும், ‘பாயிக் புடாக் இனி’, நல்ல பிள்ளை, என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் மகன் முதுகுத் தண்டில் ஊசி போடும் நாளெல்லாம் வார்டையே தூக்கி நிறுத்துவான். அவனிடம், ‘அந்தத் தங்கச்சியைப் பாரு, எவ்வளவு சமத்து’ என்று சொன்னோம். இதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

அடுத்த ஞாயிறு அந்தத் தாய் வந்தார். குழந்தை அவரைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பிளாஸ்டிக் கோப்பையைத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தது.

நாங்கள் அடுத்த சுற்று மருந்துக்காகத் திரும்பி வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு பிள்ளை. விசாரித்தோம். ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், சிகிச்சைக்குத் திரும்பி வரவில்லை, போன் செய்தாலும் எடுக்கவில்லை என்றார்கள். அவ்வளவுதான்.

அந்த நாட்களில் கிள்ளானில் எங்கள் வீட்டின் மேல் அறை காலியாகக் கிடந்தது. அந்தத் தாயும் கைக்குழந்தையும் அதில் இருந்திருக்கலாம். பகலில் அவர் குழந்தையோடு இருக்க, இரவில் நாங்கள் இரண்டு கட்டிலையும் பார்த்திருக்கலாம். கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கவலையே எங்களுக்குப் போதுமாக இருந்தது, உண்மைதான். ஆனால் முன்பின் தெரியாதவர், வேற்று மதத்தவர், என்ன நினைப்பாரோ என்ற தயக்கமும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

அந்தக் குழந்தை ஏன் அழவில்லை என்பது எங்களுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் மகள் பாலர்பள்ளி ஆசிரியர் படிப்புப் படித்தவள். பாடத்தில் வந்தது என்று ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். 1952இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் எடுத்தது. இரண்டரை வயதுகூட நிரம்பாத லாரா என்ற சிறுமி, ஒரு சின்ன அறுவைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோர் கூட இருக்க அனுமதி இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் பார்க்க விட்ட ஆஸ்பத்திரிகள்கூட உண்டாம். பெற்றோர் வந்தால் பிள்ளை அழுகிறது, போனால் இன்னும் அழுகிறது, வராமலே இருந்தால் அடங்கிவிடுகிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது மருத்துவர்களின் கணக்கு.

ராபர்ட்சன் வேண்டுமென்றே சோகமான காட்சிகளைப் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தினமும் குறித்த நேரத்தில், வார்டுக் கடிகாரமும் தெரியும்படி படம் பிடித்தார். லாரா அதிகம் அழவில்லை. அடக்கிக்கொள்கிறாள். பொம்மையைப் பிடித்துக்கொள்கிறாள். நாள் போகப் போக முகம் மூடிக்கொள்கிறது. ராபர்ட்சன் சொன்னது இதுதான்: பிள்ளை முதலில் எதிர்த்துக் கத்தும், பிறகு நம்பிக்கை இழக்கும், கடைசியில் விட்டு விலகிவிடும். அந்தக் கடைசி நிலையைத்தான் ‘பழகிவிட்டது, நல்ல பிள்ளை’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். படத்தை முதலில் மருத்துவர் சபையில் காட்டியபோது பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அசைந்தது. 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பிள்ளைகளைப் பார்க்க நேரக் கட்டுப்பாடு வேண்டாம், சின்னப் பிள்ளைகளோடு தாயையும் சேர்த்துத் தங்கவிடுங்கள் என்று பிரிட்டன் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. அதற்கு 30 ஆண்டுகளுக்கும் முன்பே நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் தாய்மாரைத் தன் குழந்தை மருத்துவமனையிலேயே தங்கவைத்திருந்தார், அவரைப் பின்பற்றியவர்கள் குறைவு. நம் ஊர்ப் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரி வளாகத்தில் மரத்தடியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு குடும்பமே கிடக்கும், அதற்கு எந்த அறிக்கையும் தேவைப்படவில்லை. ஆனால் எங்களில் அம்மா அமர்ந்திருந்த அந்தப் பச்சை நாற்காலிக்குப் பின்னால் இவ்வளவு வாதம் இருந்தது என்று தெரிந்தபோது, அதன் மேலிருந்த எங்கள் கோபம் கொஞ்சம் குறைந்தது.

படம் முடிந்ததும் நாங்கள் அந்தப் பகாங் குழந்தையைப் பற்றிப் பேசினோம். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, ‘நானும் அழலம்மா’ என்றாள்.

அந்த இரண்டு ஆண்டுகளில் அவளுக்கு வயது 11, 12. கிள்ளானில் நன்னியோடு விட்டிருந்தோம். அது யுபிஎஸ்ஆர் எழுதிய காலம். அவளே சீருடை துவைத்துக்கொண்டாள், அவளே மதரஸாவுக்குப் போனாள். எங்களைப் பார்த்தால் தம்பி எப்படி இருக்கான் என்று மட்டும் கேட்பாள். சொந்தபந்தம் எல்லாம், இந்தப் பொண்ணு எவ்வளவு பக்குவம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடல என்று மெச்சினார்கள். நாங்களும் பெருமைப்பட்டோம். அவள் ‘நானும் அழலம்மா’ என்றபோது எங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை. படத்தைத் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை இருந்தால், வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கும். பெற்றோர் நோயாளியின் பக்கத்தில் தங்க ஓர் இடம் இருந்தால், அந்த இன்னொரு பிள்ளையும் சனி ஞாயிறு அங்கே வந்து ஒரே பாயில் படுக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் அறை எடுத்த பிறகுதான் எங்களுக்கு அது நடந்தது.

மாதம் 450 வெள்ளி, கடைவீட்டின் இரண்டாவது மாடி, ஒரு சன்னல். அஞ்சடியில் பூக்கடை. பக்கத்து அறையில் தனியாக இருந்த ஓர் அம்மா, இந்துப் பெண்மணி, எங்கள் கதையைக் கேட்ட மறுநாளிலிருந்து கதவுக்கு வெளியே ஒரு தூக்கில் சாதமும் ரசமும் வைத்துவிட்டுப் போவார். சைவச் சாப்பாடு, நீங்க கவலப்படாம சாப்பிடலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள் நிறைய. மகன் சன்னலில் உட்கார்ந்து அவர்கள் மஞ்சள் பாதையில் ஒரு தடவையும் தவறாமல் போவதை எண்ணிக்கொண்டிருப்பான். தலையில் முடியில்லாமல் முகமூடியோடு கீழே இறங்கினால் அங்கே யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். அவனுக்கு அது பெரிய நிம்மதி.

இடத்தையும் கவனியுங்கள். கிள்ளானிலிருந்து கேடிஎம் ரயிலில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில், அதாவது பிரிக்பீல்ட்ஸ் வாசலில் இறங்கலாம். அங்கே மோனோரயிலில் ஏறினால் கடைசி நிலையம் தித்திவங்சா, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கம். துங்கு அஸிஸா மகளிர் குழந்தைகள் மருத்துவமனையும் அந்தப் பகுதியில்தான். லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை பிரிக்பீல்ட்ஸிலிருந்து டாக்சியில் நெரிசல் இல்லாவிட்டால் கால் மணி நேரம். ஈப்போ, சிரம்பான் பக்கமிருந்து ரயிலில் வருபவர்களும் அங்கேதான் இறங்குகிறார்கள். பெற்றோர் தங்குவதற்கென்றே யாரோ வரைபடம் போட்டு வைத்த மாதிரி ஓர் இடம்.

தங்குமிடம் என்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1974இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், மகளுக்கு இதே நோய் வந்த ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரரின் குடும்பமும், ஆட்ரி இவான்ஸ் என்ற குழந்தைப் புற்றுநோய் மருத்துவரும் முன்நின்று, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பெற்றோருக்கென்று ஒரு வீடு திறந்தார்கள். ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் என்று இன்று உலகம் முழுக்க இருப்பது அதுதான். செராஸில் உள்ள யுகேஎம் மருத்துவமனையிலும் ஒன்று உண்டு. மும்பையில் பெற்றோர் சிகிச்சைக்கு வந்து நடைபாதையில் படுத்துக்கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் 2006இல் ‘செயின்ட் ஜூட்ஸ்’ இல்லங்களை ஆரம்பித்தார்கள். இப்போது சென்னையிலும் நடத்துகிறார்கள். நம் தலைநகரில் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஸீஸில் குழந்தைகளுக்கென்று ஓர் இல்லம் நடத்துகிறது, வெளியூர் ஏழைக் குடும்பங்கள் இலவசமாகத் தங்கலாம். எங்களுக்கு அது அப்போது தெரியாது. அந்தப் பகாங் தாய்க்கும் யாரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறோம். தெரிந்தவர்கள் வார்டில் கேட்டு, சமூகநல அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்தால் வழி பிறக்கும். இதை இன்றே உங்கள் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவும்.

சகோதரர்களே, நம் நன்னாமார்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்கே தங்கினார்கள்? கடை மாடியில், வரிசையாகப் பாய் விரித்து, ஆளுக்கொரு தகரப் பெட்டியோடு. ஊரிலிருந்து புதிதாக ஒருவர் இறங்கினால் அவருக்கும் அங்கே ஒரு பாய் உண்டு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்கள் முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ஏனென்றால் பெண்டுபிள்ளை எல்லாம் கடலுக்கு அப்பால். இன்று நமக்குச் சொந்த வீடு, இரண்டு கார். அந்தப் பாய் எப்படியோ காணாமல் போய்விட்டது.

மௌத்து என்றால் இந்தச் சங்கத்துக்கு நிகர் கிடையாது. செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் கபன் துணி வரும், குளிப்பாட்ட ஆள் வரும், கப்றுக்கு ஏற்பாடு, மூன்று நாளைக்குச் சாப்பாடு. மரண சகாய நிதியில் ஒரு காசு குறையாது. எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஆனால் ஒரு பிள்ளை இரண்டு ஆண்டு பிழைக்கப் போராடும்போது என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. முதல் வாரம் கூட்டம் தாங்காது. நாலாவது மாதம், எங்களோடு இருந்தது அந்த 555 நோட்டுப் பெரியவரும், ரசம் வைத்த அம்மாவும், ரொட்டி சுட்ட தம்பியும்தான். இது குறை சொல்வதற்காக இல்லை. எங்களிடமும் மேல் அறை காலியாகத்தான் இருந்தது.

ஆகவே நாங்கள் ஒரு காரியம் செய்திருக்கிறோம். கிள்ளானில் அந்த மேல் அறையைக் காலிசெய்து, இரண்டு கட்டில், தனிக் குளியலறை, ஒரு சின்ன அடுப்பு போட்டுவிட்டோம். தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குக் காரில் பத்து நிமிடம். பிள்ளையை அங்கே சேர்த்திருக்கும் எந்தப் பெற்றோரும் தங்கலாம். எந்த இனம், எந்த மதம் என்று கேட்கமாட்டோம். சாவி நன்னியிடம் இருக்கிறது. 81 வயதாகிறது, சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டேன், நானே திறந்துவிடுவேன் என்கிறார்.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை வேண்டும். வாடகை இன்று 450 வெள்ளிக்குக் கிடைக்காது, அது எங்களுக்குத் தெரியும். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். மேடையிலேயே சொல்லிவிட்டதால் இனி அவர் பின்வாங்க முடியாது.

அறை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாத ஒன்று இருக்கிறது, அது அந்த ஒரு மணி நேரம். வாசலருகே அத்தர் விற்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு புதிய 555 நோட்டு வைத்திருக்கிறோம். எந்த நாள், எந்த நேரம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார முடியும் என்று எழுதுங்கள். சளி, இருமல் இருக்கும் நாளில் வர வேண்டாம். பழம் வேண்டாம். பத்திரிகை கொண்டு வாருங்கள். முதல் வரியில் செவ்வாய் காலை 9:30 என்று எங்கள் மகள் எழுதியிருக்கிறாள். இரண்டாவது வரியை யார் எழுதியது என்று எங்களுக்குத் தெரியும். பெயரைச் சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம்.